பன்னிரண்டு பேருக்கான புத்தகம்

1919ஆம் வருஷம் நவம்பர் 7ஆம் தேதி, வெள்ளிக்கிழமை. அன்று வெளியான லண்டன் ‘டைம்ஸ்’ பத்திரிகையின் பன்னிரண்டாம் பக்கத்தைப் போன மாதம் பார்க்க நேர்ந்தது. கம்ப்யூட்டர் திரையில்தான். பழைய பேப்பரின் வாசனை ஒன்றுதான் இல்லை.

பழைய தினசரியைப் படிப்பதில் ஒரு சௌகரியம் இருக்கிறது. அதை எழுதியவர்களுக்குத் தெரியாதது நமக்குத் தெரிந்திருக்கிறது. இது நாம் உழைத்துச் சம்பாதித்த அறிவல்ல. பின்னால் பிறந்ததற்காகக் கிடைத்த வட்டி. ஆனாலும் அசலைப் போட்டவர்கள் நாம்தான் என்பதுபோலச் சிரிக்கிறோம். நானும் சிரித்தேன். அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

முதல் பக்கத்தைப் பார்க்க வேண்டியதில்லை. அந்தக் காலத்து ‘டைம்ஸ்’ முதல் பக்கத்தில் செய்தி போடுவதைக் கௌரவக் குறைவாக நினைத்தது. பிறப்பு, இறப்பு, கல்யாணம், வீடு வாடகை, வேலைக்கு ஆள் என்று வரி விளம்பரங்கள்தான் முதல் பக்கம். 1966 மே 3ஆம் தேதி வரையில் இப்படித்தான். நம் ‘ஹிந்து’வும் 1958 வரையில் இந்த மரியாதையைக் காப்பாற்றி வந்தது. ஆகையால் பிரபஞ்சம் கோணலாகிவிட்ட செய்தி பன்னிரண்டாம் பக்கத்துக்குப் போனதில் யாருடைய அலட்சியமும் இல்லை. உலகம் அழிந்திருந்தாலும் அதே பக்கத்தில்தான் வந்திருக்கும்.

அந்த இதழின் தலைப்புகள் சில. ஜெர்மானியர் பாரிஸுக்கு அழைப்பு. சிதைந்த பிரான்ஸ்: புனர்நிர்மாணத்தில் முன்னேற்றம். செர்பியாவுக்கு எதிரான போர்க்குற்றங்கள். அப்புறம், கொஞ்சம் பெரிதாக: புகழுடன் மாண்டோர், மன்னர் தம் மக்களுக்கு அழைப்பு. ஆறாவது பத்தியில் மூன்று அடுக்காக: விஞ்ஞானத்தில் புரட்சி, பிரபஞ்சத்தைப் பற்றிப் புதிய கொள்கை, நியூட்டனின் கருத்துகள் தகர்ந்தன. செய்திக்கு நடுவில் அலட்டிக்கொள்ளாத ஒரு சின்ன உபதலைப்பு: வெளி வளைந்தது. ‘சாலை மூடப்பட்டது’ என்கிற மாதிரி.

ஆப்ரஹாம் பைஸ் என்ற பௌதிகர் 1982இல் எழுதிய ஐன்ஸ்டீன் வரலாற்றில் இந்தத் தலைப்புகளிடம் கொஞ்சம் நின்று பார்த்துவிட்டுப் போகிறார். அவர் பௌதிகர், வேலை இருந்தது. எனக்கு ஞாயிற்றுக்கிழமை.

மன்னரின் அழைப்பிலிருந்து தொடங்கலாம். போர் நின்று ஒரு வருஷம் நிறைகிற நவம்பர் 11ஆம் தேதி காலை பதினொரு மணிக்கு, சாம்ராஜ்யம் முழுவதிலும் இரண்டு நிமிஷம் எல்லா வேலையும் நிற்க வேண்டும், வண்டி வாகனங்கள் நிற்க வேண்டும், பூரண நிசப்தத்தில் எல்லோரும் மாண்டவர்களை நினைக்க வேண்டும். இன்றுவரை தொடரும் அந்த இரண்டு நிமிஷ மௌனத்தின் முதல் அறிவிப்பு இதுதான். சாம்ராஜ்யம் மொத்தமும் ஒரே சமயத்தில் மூச்சை அடக்கிக்கொள்வது என்பது பெரிய கற்பனை. ஆனால் எந்தப் பதினொரு மணி? அந்தந்த ஊர்ப் பதினொரு மணி. சென்னையில் மௌனம் முடிந்து ஐந்தரை மணி நேரம் கழித்துத்தான் லண்டனில் தொடங்கும். கனடாக்காரன் எழுந்திருப்பதற்குள் லண்டன் மறுபடி பேச ஆரம்பித்திருக்கும். ஒரே சமயம் என்று ஒன்று எல்லோருக்கும் பொதுவாகக் கிடையாது என்று சொல்கிறவனைப் பற்றிய செய்தி அதே பக்கத்தில் இருக்கிறது. ஒரு பத்திக்காரர் இன்னொரு பத்தியைப் படித்த அடையாளம் இல்லை. தினசரி என்பதே அப்படிப்பட்ட ஏற்பாடுதான். படித்தால் மறுநாள் பேப்பர் வராது.

‘புரட்சி’ என்ற வார்த்தையையும் கவனிக்க வேண்டும். நவம்பர் 7, ரஷ்யப் புரட்சிக்குச் சரியாக இரண்டு வருஷம் நிறைந்த நாள். அந்தத் தேதியில் ‘டைம்ஸ்’ மனமொப்பி வரவேற்ற புரட்சி ஆறாம் பத்தியில் நடந்தது. அதில் யாருடைய நிலமும் பறிபோகவில்லை.

மறுநாள் தலைப்பு கோர்ட் வழக்கு மாதிரி ஆகிவிட்டது: ஐன்ஸ்டீன் எதிர் நியூட்டன். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் பார்லிமெண்ட் அங்கத்தினர் சர் ஜோசப் லார்மர், அவரும் பௌதிகர். நியூட்டன் விழுந்துவிட்டாராமே, கேம்பிரிட்ஜ் கதை முடிந்ததாமே என்று சக அங்கத்தினர்கள் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள் என்று செய்தி. ஆளும் கட்சி கவிழ்ந்ததா என்று கேட்கிற குரலில்தான் கேட்டிருப்பார்கள்.

இத்தனைக்கும் நடந்தது என்ன? அந்த வருஷம் மே 29ஆம் தேதி முழு சூரிய கிரகணம். சூரியனுக்குப் பக்கத்தில் தெரிகிற நட்சத்திரங்களின் ஒளி, சூரியனை ஒட்டி வரும்போது வளைகிறதா, எவ்வளவு வளைகிறது என்று பார்க்க இங்கிலாந்திலிருந்து இரண்டு கோஷ்டிகள் போயின. ஒன்று பிரேசிலில் சோப்ரால் என்ற ஊருக்கு. இன்னொன்று, ஆப்பிரிக்கக் கரைக்கு அப்பால் பிரின்சிப்பே தீவுக்கு, எட்டிங்டன் தலைமையில். நியூட்டனை வைத்துக் கணக்குப் போட்டால் 0.87 கோண விநாடி வளைய வேண்டும். ஐன்ஸ்டீனை வைத்துப் போட்டால் 1.75. இரண்டு ரூபாய் நாணயத்தைச் சுமார் மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் நிறுத்திப் பார்த்தால் அதன் அகலம் எவ்வளவோ அவ்வளவுதான் இந்த 1.75. இதில் பாதியா முழுசா என்பதுதான் விவகாரம். காசு விஷயத்தில் நாங்கள் கவுண்டரில் படும் பாடு விஞ்ஞானிகளுக்கும் உண்டு என்று தெரிந்தபோது ஆறுதலாக இருந்தது.

பிரின்சிப்பேயில் கிரகணத்தன்று காலையில் பலத்த மழை. அப்புறமும் மேகம். எட்டிங்டன் எடுத்த பதினாறு தகடுகளில் உருப்படியானவை இரண்டே. அவை தந்த விடை 1.61. சோப்ராலில் நான்கு அங்குல லென்ஸ் தந்தது 1.98. சோப்ராலிலேயே இருந்த பெரிய தொலைநோக்கி தந்தது 0.93, அதாவது நியூட்டனுக்குப் பக்கத்தில். என்ன செய்வது? வெயிலில் கருவியின் கண்ணாடி சூடேறிக் குவியம் கெட்டுப்போயிற்று, அதை நம்புவதற்கில்லை என்று கடைசித் தொகையை ஒதுக்கினார்கள்.

வங்கிக்காரனுக்கு இந்த இடம் நன்றாகப் புரியும். நாள் முடிவில் கணக்கு டேலி ஆகவில்லை என்றால், வித்தியாசத்தைத் தற்காலிகமாகக் கொண்டுபோய் வைக்க ஒரு தலைப்பு எங்களிடம் இருக்கிறது: சஸ்பென்ஸ் கணக்கு. அதில் வைப்பது தப்பல்ல. அதில் வைத்ததை மறந்துவிட்டு வீட்டுக்குப் போவதுதான் தப்பு. எட்டிங்டன் மறைக்கவில்லை, எல்லாத் தொகைகளையும் அறிக்கையில் எழுதினார்கள், ஏன் ஒதுக்கினோம் என்றும் எழுதினார்கள். அறுபது வருஷம் கழித்து, 1979இல், கிரீனிச் வானாய்வகத்தார் அந்தத் தகடுகளைப் புதிய கருவியில் வைத்து மறுபடி அளந்தார்கள். ஒதுக்கப்பட்ட தகடுகள் 1.55 காட்டின. சஸ்பென்ஸ் நேரானது. ஆனால் தலைப்பு 1919லேயே வந்துவிட்டது. பத்திரிகைக்குச் சஸ்பென்ஸ் கணக்கு கிடையாது.

ஐன்ஸ்டீனுக்கு அதிர்ஷ்டமும் இருந்தது. 1911இல் அவரே போட்ட கணக்கு பாதித் தொகையைத்தான் கொடுத்தது. 1914 ஆகஸ்ட் கிரகணத்தில் அதை அளக்க ஃப்ராய்ன்ட்லிஷ் என்ற ஜெர்மானியர் கிரிமியாவுக்குப் போனார். அதற்குள் போர் மூண்டு, ரஷ்யர்கள் அவரைச் சிறைபிடித்துக் கருவிகளையும் பறித்துக்கொண்டார்கள். வானம் தெளிவாயிருந்து, அவர் வெளியே இருந்து, ஒழுங்காக அளந்திருந்தால் ஐன்ஸ்டீன் பொய்த்தார் என்று ஒரு தலைப்பு வந்திருக்கும். 1915இல் ஐன்ஸ்டீன் கணக்கைத் திருத்தி இரட்டிப்பாக்கினார். இந்த விஷயத்தில் யுத்தம் செய்த ஒரே நல்ல காரியம் இதுதான் என்று நினைக்கிறேன்.

இனி அமெரிக்கா. லண்டன் செய்தி கடல் தாண்டி, நவம்பர் 10ஆம் தேதி திங்கட்கிழமை ‘நியூயார்க் டைம்ஸ்’ இதழில் இறங்கியபோது தலைப்பு ஆறு அடுக்கு கோபுரமாகிவிட்டது. என்னால் ஆனமட்டும் தமிழில் தருகிறேன்:

ஆகாயத்தில் ஒளியெல்லாம் கோணல்
கிரகண முடிவுகளால் விஞ்ஞானிகளுக்கு ஏறக்குறையப் பரபரப்பு
ஐன்ஸ்டீன் கொள்கை ஜயம்
நட்சத்திரங்கள் தோன்றிய இடத்திலும் இல்லை, கணக்கிட்ட இடத்திலும் இல்லை. ஆயினும் யாரும் கவலைப்பட வேண்டாம்
பன்னிரண்டு அறிவாளிகளுக்கு ஒரு புத்தகம்
உலகத்தில் அதற்குமேல் யாருக்கும் புரியாது: துணிந்த பிரசுரகர்த்தர்களிடம் ஐன்ஸ்டீன் சொன்னது

இதை எழுதியவனை எனக்குப் பிடித்திருக்கிறது. அந்த ‘ஏறக்குறைய’ என்ற வார்த்தை ஒன்றுக்காகவே பிடித்திருக்கிறது. பரபரப்பு என்றால் பரபரப்பு, இல்லை என்றால் இல்லை. ஏறக்குறையப் பரபரப்பு எப்படி இருக்கும்? லண்டனிலிருந்து தந்தி கொடுத்த நிருபர் ஹென்றி க்ரவுச் கோல்ஃப் விவகாரங்களில் நிபுணர் என்று அந்தப் பத்திரிகையின் வரலாற்றை எழுதியவர்கள் சொல்கிறார்கள். கைவசம் இருந்த ஆளை அனுப்பினார்கள். பந்து நேர்கோட்டில் போகாது என்பதை வாழ்க்கை முழுவதும் பார்த்துக்கொண்டிருந்த ஒருவர் ஒளியும் நேர்கோட்டில் போகாது என்று எழுத அவ்வளவு தகுதியற்றவர் என்று சொல்லிவிட முடியாது. செய்தியின் ஆரம்பத்திலேயே மனிதர் நேர்மையாக ஒப்புக்கொள்கிறார்: சாமான்யனுக்குப் புரியும்படி இதைச் சொல்ல நடந்த முயற்சிகள் இதுவரை பலிக்கவில்லை. கூட்டத்துக்குத் தலைமை வகித்த ஜே.ஜே. தாம்ஸனே அன்றைக்கு இப்படித்தான் சொன்னார்: மனித சிந்தனையின் மகத்தான சாதனைகளில் ஒன்று, ஆனால் தெளிவான பாஷையில் இது என்னவென்று சொல்ல இன்னும் யாராலும் முடியவில்லை. இதே இரண்டு வாக்கியங்களையும் அடுத்தடுத்து வைத்து நம் பத்திரிகைகளில் எத்தனை மதிப்புரைகள் வந்திருக்கின்றன என்று வாசகர்கள் எண்ணிப் பார்க்கலாம்.

‘யாரும் கவலைப்பட வேண்டாம்’ என்ற இடத்தில் என் சிரிப்பு கொஞ்சம் நின்றது. மே 29இல் பிடித்த வெளிச்சத்தை அளந்து, கழித்து, கூட்டி, நவம்பர் 6ஆம் தேதி சாயங்காலம் படித்தார்கள், விடிவதற்குள் அச்சாயிற்று. அதே வருஷம் ஏப்ரல் 13ஆம் தேதி அமிர்தசரஸில், ஜாலியன்வாலாபாகில் சுட்டார்கள். சர்க்கார் கணக்கிலேயே 379 பேர் செத்தார்கள். தாகூர் தமது சர் பட்டத்தைத் திருப்பிக் கொடுத்துக் கடிதம் எழுதியது மே மாதக் கடைசியில், கிரகணத்துக்கு ஓரிரு நாள் தள்ளி. தளபதி டயர் லாகூரில் விசாரணைக் கமிட்டி முன் நின்று, ஆமாம், கலைக்க வேண்டும் என்பதற்காக மட்டும் சுடவில்லை என்ற தோரணையில் சாட்சி சொன்னது நவம்பர் 19. அந்த விவரமெல்லாம் லண்டன் வாசகனின் காலை மேஜைக்கு வந்தது டிசம்பர் நடுவில். இந்தியா மந்திரி மாண்டேகு, தமக்கே விவரம் பத்திரிகையைப் பார்த்துத்தான் தெரியும் என்று பார்லிமெண்டில் சொன்னார். நட்சத்திர ஒளி சூரியனுக்குப் பக்கத்தில் வளைந்தது ஒரு நாணயத்தின் அகலம். பஞ்சாபிலிருந்து புறப்பட்ட செய்தி எட்டு மாசம் வளைந்திருக்கிறது. புகழுடன் மாண்டவர்களுக்காக இரண்டு நிமிஷம் நில்லுங்கள் என்று மன்னர் கேட்டுக்கொண்டது அமிர்தசரஸையும் சேர்த்துத்தான். அதுவும் சாம்ராஜ்யத்தில்தானே இருந்தது.

பன்னிரண்டு பேருக்கு வருவோம். இந்தப் பன்னிரண்டு எங்கிருந்து வந்தது? ஐன்ஸ்டீன் மறுத்தார், 1921இல் அமெரிக்கா போனபோது போகிற இடமெல்லாம் இதையே கேட்டார்கள், அவரும் சிரித்துக்கொண்டே மறுத்தார். உண்மையில் நடந்தது நேர் எதிர். அவர் 1917லேயே சார்பியலைப் பற்றி ஒரு சிறு புத்தகம் எழுதி வெளியிட்டிருந்தார். யாருக்காக? பள்ளிப்படிப்பு முடித்த, பொறுமையுள்ள எவருக்கும். முன்னுரையிலேயே அப்படிச் சொல்லியிருக்கிறார். நியூயார்க் தலைப்பு வந்த மறு வருஷம் அது இங்கிலீஷிலும் வந்தது. அதே 1920இல் கல்கத்தாவில் சாஹாவும் சத்யேந்திரநாத் போஸும் மூலக் கட்டுரைகளையே மொழிபெயர்த்து, பல்கலைக்கழகம் புத்தகமாக வெளியிட்டது. இருவருக்கும் முப்பது வயது ஆகவில்லை. அந்தப் பன்னிரண்டில் தாங்கள் சேர்த்தியா என்று கேட்டுக்கொண்டு அவர்கள் உட்கார்ந்திருக்கவில்லை.

லண்டனில் எண்ணிக்கை இன்னும் குறைவு. அன்றைய கூட்டத்தில் சில்பர்ஸ்டைன் என்பவர், சுவரில் தொங்கிய நியூட்டன் படத்தைக் காட்டி, அந்தப் பெரியவரைத் திருத்துவதானால் ஜாக்கிரதையாகத் திருத்துங்கள் என்று எச்சரித்தார். கூட்டம் கலைந்தபோது அவரே எட்டிங்டனிடம் வந்து, இந்தக் கொள்கை புரிந்த மூன்று பேரில் நீங்கள் ஒருவர் என்றார். எட்டிங்டன் பேசாமல் நின்றார். அடக்கம் வேண்டாம் என்றார் சில்பர்ஸ்டைன். அடக்கமில்லை, அந்த மூன்றாமவர் யாரென்று யோசிக்கிறேன் என்றார் எட்டிங்டன். இந்தக் கதையை எட்டிங்டனிடமே கேட்டு நமக்குச் சொன்னவர் நம் சந்திரசேகர். சென்னை பிரஸிடென்ஸி காலேஜ், பிறகு கேம்பிரிட்ஜ். சந்திரசேகர் ரசித்துத்தான் சொல்கிறார். ஆனால் 1935 ஜனவரியில், அவர் தம் நட்சத்திரக் கணக்கை லண்டனில் படித்து உட்கார்ந்ததும், அடுத்தாற்போல் எழுந்து அதை எல்லோர் முன்னிலையிலும் பரிகசித்து உட்கார்த்தியவரும் இதே எட்டிங்டன்தான். மூன்றாமவரைத் தேடி அலுத்தவர் நாலாவது ஆள் எதிரில் வந்தபோது அடையாளம் கண்டுகொள்ளவில்லை. நோபல் பரிசு வருவதற்கு 1983 ஆயிற்று.

இவ்வளவையும் படித்தபோது எனக்கு வந்த சிரிப்பு எட்டிங்டனைப் பார்த்து மட்டும் வந்ததல்ல. அந்தத் தலைப்பு இரண்டு தரப்புக்கும் எவ்வளவு வசதி! பன்னிரண்டு பேருக்குத்தான் புரியும் என்றால் மற்றவர்கள் முயற்சி செய்ய வேண்டாம், வியந்தால் போதும். பன்னிரண்டில் ஒருவனுக்கோ, விளக்க வேண்டிய தொல்லை இல்லை. புதுக்கவிதை புரியவில்லை என்று ஐம்பது அறுபது வருஷமாக ஒரு தரப்பு சொல்லி வருகிறது. புரிகிறவர்களுக்குப் புரியும் என்று நம் தரப்பு சொல்லி வருகிறது. இரண்டும் ஒரே தலைப்பின் இரண்டு அடுக்குகள். நம் இதழ்களின் அச்சுப் பிரதி எண்ணிக்கையைச் சொல்லும்போது நம் குரலில் ஏறும் ஒரு தினுசான பெருமிதத்தை வெளியார் யாராவது டேப்பில் பிடித்துப் போட்டுக் காட்ட வேண்டும்.

செல்லப்பாவை இதற்குச் சாட்சிக்கு அழைப்பவர்கள் உண்டு. 1959இல் ‘எழுத்து’ தொடங்கினார், சில நூறு பேருக்காக நடத்தினார் என்பார்கள். சில நூறு பேர் என்பது நிஜம். சில நூறு பேருக்காக என்பது அவ்வளவு நிஜமல்ல. புத்தக மூட்டையைச் சுமந்துகொண்டு ஊர் ஊராக, காலேஜ் காலேஜாக ஏறி இறங்கியவர் அவர். பன்னிரண்டு பேர் போதும் என்று நினைக்கிற மனுஷன் மூட்டை தூக்க மாட்டான்.

என் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். போன வருஷம் இதே பத்திரிகையில் ஒரு கவிதையைப் பற்றி மூன்று பக்கம் எழுதினேன். பயிற்சியுள்ள வாசகனுக்கு மட்டுமே தன்னைத் திறந்து காட்டும் கவிதை என்று எழுதியதாக ஞாபகம். எங்கள் கிளையில் நவம்பர் மாதம் பென்ஷன்காரர்களின் மாதம். தாங்கள் உயிரோடு இருப்பதாக வருஷத்துக்கு ஒருமுறை நேரில் வந்து நிரூபிக்கிற மாதம். ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் ஒருவர், போன நவம்பரில் வரிசையில் காத்திருந்தபோது என் மேஜையிலிருந்த இதழை எடுத்துப் புரட்டினார். எடுத்துக்கொண்டு போகலாமா தம்பி என்றார். எடுத்துக்கொண்டு போங்கள் சார், ஆனால் கொஞ்சம் கஷ்டமாக இருக்கும் என்றேன். அந்த இரண்டாவது பாதியைச் சொல்லியிருக்க வேண்டாம்.

இந்த நவம்பரில் திருப்பிக் கொண்டுவந்தார். பழுப்புக் காகிதத்தில் அட்டை போட்டிருந்தார். கவிதைக்குப் பக்கத்தில் பென்சிலால் சின்ன எழுத்தில் ஒரு கேள்வி: ‘நாலாம் வரியில் வரும் அவன், முதல் வரியில் வந்த அவனா, வேறா? வேறு என்றால் எப்போது வந்தான்?’ என் கட்டுரைக்குப் பக்கத்தில் ஒரு குறியும் இல்லை. மத்தியான இடைவேளையில் கவிதையை மறுபடி இரண்டு தரம் படித்தேன். எனக்குத் தெரியவில்லை. மூன்று பக்கம் எழுதியபோதும் தெரிந்திருக்கவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது.

வாத்தியார் கட்டைவிரலைக் கருவியில் வைத்தார். வயசானவர்களுக்கு ரேகை தேய்ந்துபோகும். முதல் தடவையும் இரண்டாம் தடவையும் ஏற்கவில்லை. விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டு மூன்றாம் தடவை வைத்தார். பச்சை விளக்கு எரிந்தது.

‘அந்த அவன் யாருன்னு எழுதினவரைக் கேட்டீங்களா?’ என்றார்.

‘கேட்கிறேன் சார்.’

‘சந்தா எவ்வளவு?’

சொன்னேன். ரூபாயை எண்ணிக் கொடுத்துவிட்டு, அடுத்த இதழ் எப்போது வரும் என்று கேட்டார். அதுதான் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.